பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

உடம்புக்குள் ஒரு பயணம் – 14

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாண்டித்துரைத் தேவர் நினைவு வரும். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார். அவருடைய ஊரிலும் அருப்புக்கோட்டை, திருச்சுழி சுற்றுவட்டாரத்திலும் பெரிய வைத்தியம் என்றால் இன்றும் மதுரை பஸ்தான். மூளை, தண்டுவட நோயாளிகள் கையில் பெரிய உறை ஒன்றும் இருக்கும். அதற்குள் எம்.ஆர்.ஐ. படங்கள்.

சென்ற வாரம் கியாரி குறைபாட்டைப் பார்த்தோம். 1891-ல் ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் விவரித்தது. சிறுமூளையின் அடி நுனி, மண்டையோட்டின் அடித்துவாரம் வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கி நிற்கும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் போய்வரும் நீருக்கு அங்கே வழி குறுகிவிடும். மடை அடைத்த கண்மாய்த் தண்ணீர் கரையில் கசிவு தேடுவதுபோல, அந்த அழுத்தம் தண்டுவடத்துக்குள்ளேயே நீரைத் தேக்குகிறது. சிரிங்கோமைலியா என்பது இந்த நீர்க்கட்டிதான்.

கட்டி வளர்வது தண்டுவடத்தின் நட்டநடுவில். வலியையும் சூட்டையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் பக்கம் மாறிக் கடப்பதும் அதே இடத்தில். தொடுவுணர்வு இழைகளோ பின்புறமாகப் போகின்றன. அதனால் கையைத் தொட்டால் தெரியும். அடுப்பில் சுட்டால் தெரியாது. தறியில் உட்கார்கிறவருக்கு விரல் இடுக்குச் சதை வற்றி, இழை பிடிக்க வராது. வலிக்காத தீக்காயம், மடங்கிய விரல் என்றதும் தொழுநோய் என்று முடிவுகட்டிவிடும் ஆபத்தும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்களே இரண்டும் ஒன்றுதானா என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையில் பின்மண்டையின் அடியில் கொஞ்சம் எலும்பையும், பெரும்பாலும் முதல் கழுத்தெலும்பின் பின்வளைவையும் எடுத்து இடம் உண்டாக்குகிறார்கள். பல நேரம் மூளையுறையையும் திறந்து ஒட்டுப் போட்டு அகலப்படுத்துவார்கள். கட்டியைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. நீரோட்டம் சீரானால் அது தானே சுருங்க வேண்டும். மும்பையின் அதுல் கோயல் போன்றவர்கள், கோளாறு கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் ஆட்டத்தில் இருக்கிறது, அதைத்தான் திருகாணி போட்டு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

கட்டி சுருங்குகிறதா என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் முதுகில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. வந்தபின் அந்தத் தொல்லை போயிற்று. காந்தமும் ரேடியோ அலையும்தான். கதிர்வீச்சு கிடையாது, திரும்பத் திரும்ப எடுக்கலாம். ஒருவகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். சாம்பல் நிறத் தண்டுவடத்துக்குள் வெள்ளைக்கோடாக நிற்பது கட்டி. அதன் அதிகபட்ச அகலம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை முதுகெலும்பு நீளம் என்று அளக்கிறார்கள். தேவைப்பட்டால் நாடித்துடிப்போடு இணைத்து, நீர் ஓடுவதையே அசையும் படமாகப் பார்க்கவும் வழி உண்டு.

ஆபரேஷனுக்குப் பின் முதல் படம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். கட்டி மெதுவாகத்தான் வடியும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். படமும் உடம்பும் ஒன்றாக நடப்பதில்லை என்பதுதான் வீட்டார் பலருக்குப் புரியாத இடம். இருமினால் வரும் பின்தலைவலி சீக்கிரம் விடலாம், படத்தில் கட்டி அப்படியே இருக்கும். கட்டி நூலாக இளைத்திருக்கும், வற்றிய கைச்சதையோ திரும்பாது. செத்த நரம்பு செத்ததுதான். அதனால் ஆபரேஷன் தோற்றது என்று அர்த்தமில்லை. நோய் மேலே போகாமல் நின்றதே பாதி வெற்றி. கட்டி பெருத்தாலோ, புதிதாக மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோதான் மறுபடி கவலை. தழும்பு ஒட்டிக்கொண்டு வழி மீண்டும் அடைத்திருக்கலாம்.

பனையேறிகளுக்கும் ஒரு வார்த்தை. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவருக்கு, பல ஆண்டு கழித்தும் அடிபட்ட இடத்தில் இதே கட்டி வரலாம். பழைய காயம்தானே என்று புதிய மரமரப்பை ஒதுக்காதீர்கள்.

ஒரே ஒரு படம் பாதி சாட்சிதான். போன படத்தோடு பக்கத்தில் வைத்து, அதே எலும்பு மட்டத்தில் அளந்தால்தான் மருத்துவரால் தீர்ப்புச் சொல்ல முடியும். ஆபரேஷனுக்கு முன் எடுத்ததைப் பரணில் போட்டுக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுப் புது ரிப்போர்ட் தாளோடு மட்டும் போய் நின்றால் அவர் எதை எதோடு ஒப்பிடுவார்? ஸ்கேன் மையத்தில் சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் தேதி எழுதுங்கள். அடுத்தமுறை மதுரைக்குக் கிளம்பும்போது எல்லா உறைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.