நின்றே சாகும் பேட்டரிகள்

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் பேட்டரியை நிரப்புகிறது. வண்டி ஓடாதபோது பேட்டரியை யார் கவனிப்பது? 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் நாடு முழுக்க வண்டிகள் நின்றன. தளர்வு வந்து சாவியைத் திருப்பியபோது பல கார்களில் செல்ஃப் எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் சிறு வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதுவரை பள்ளி பஸ்கள் பெரும்பாலும் ஷெட்டிலேயே கிடந்தன. ஓட்டத்தில் தேய்வதால் மட்டுமே பேட்டரி சாவதில்லை. சும்மா நிற்பதாலும் சாகிறது. அந்தச் சாவைத் தடுக்க, பத்து வாட் அளவுள்ள ஒரு சின்ன சோலார் பேனல் பெரும்பாலும் போதும் என்பதே நான் சொல்ல வருவது.

1859-இல் பிரான்சின் கஸ்டோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான், எவ்வளவோ மாறியும், அடிப்படையில் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. சார்ஜ் இறங்கும்போது அதன் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய, கெட்டியான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பரப்பு முழுதாகத் திரும்பி வராது. நிற்கும் வண்டியில் சார்ஜ் இறங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேட்டரிக்குள் தானாகவே நடக்கும் இழப்பு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், நம் ஊர் வெயிலில் அலட்சியம் செய்ய முடியாது. மற்றொன்று, வண்டியைப் பூட்டிய பிறகும் விழித்திருக்கும் அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவை உறிஞ்சும் மின்சாரம். அது 30 மில்லி ஆம்ப்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. ஒரு மாதத்தில் 21-க்கு மேல். சிறிய காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கும் மேல் போய்விடுகிறது.

இப்போது பேனலின் கணக்கு. நல்ல வெயிலில் பத்து வாட் பேனல் அரை ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாகத் தரும். தமிழ்நாட்டில் ஒரு நாளின் வெயிலை ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கொள்ளலாம். அப்படியானால் இரண்டரை ஆம்பியர் மணிக்கு மேல் கிடைக்கிறது. முன் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பாதிக்கும் கீழே போகலாம். அப்போதும் அன்றைய இழப்பை ஈடுகட்டிவிடும். ஆனால் அடியோடு இறங்கிய பேட்டரியை எழுப்ப இதை நம்பக்கூடாது. அதற்கு வாரங்கள் ஆகும், அதற்குள் சல்பேட் இறுகிவிடும். நிறைந்திருக்கும் பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருப்பதுதான் இதன் வேலை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஸ்டார்ட் செய்ய ஆன செலவு அதில் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் வாரம் முழுக்கக் கசிந்தது ஐந்து ஆம்பியர் மணி. நின்ற இடத்தில் பத்து நிமிட ஐடிலிங் இரண்டு, மூன்று தந்தாலே பெரிது. மீதி வாராவாரம் கடனாகச் சேர்கிறது. பெட்ரோலும் புகையும் தனிக் கணக்கு. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பது இதைவிட நல்ல யோசனை. பருவத்துக்குப் பருவம் நிற்கும் பழைய டிராக்டருக்கு அதையே நானும் சொல்வேன். ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் இழப்பு அதனால் நிற்காது. புதிய கார்களில் அலாரமும் வேலை செய்யாது, சில அமைப்புகளும் அழிந்துபோகும். நிழலான அடுக்குமாடி பார்க்கிங்கில் வண்டி விடுபவர்களுக்கு சோலார் உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கரண்டில் ஓடும், தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்தான் சரி.

நான் பெரிதாக மதிக்கும் ஆட்சேபம் ஓவர் சார்ஜ். 12 வோல்ட் பேனல் என்று விற்பது சுமை இல்லாதபோது 21 வோல்ட் வரை ஏறும். நிறைந்த பேட்டரிக்கு மாதக்கணக்கில் தேவைக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். அதனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் இல்லாமல் இணைக்கவே வேண்டாம். 25 டிகிரியில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வைத்திருப்பது வழக்கம். 40 டிகிரியில் அதில் 0.3 வோல்ட் குறைக்க வேண்டும். எனவே வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கண்ட்ரோலராகக் கேட்டு வாங்குங்கள். பல கார்களில் சாவியை எடுத்ததும் லைட்டர் சாக்கெட் செத்துவிடும். அதில் செருகிய பேனல் ஒரு துளியும் ஏற்றாது. பேட்டரி டெர்மினலுக்கே, நடுவில் ஃபியூஸ் வைத்து, வயர் இழுப்பதுதான் நம்பகம்.

பேட்டரி சில ஆயிரம் ரூபாய்தானே, போனால் எக்ஸ்சேஞ்சில் வேறு வாங்கலாம் என்பவர்கள் அந்தப் பழைய பேட்டரி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். செனகல் நாட்டின் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோயில், பழைய பேட்டரி ஈயத்தைப் பிரித்தெடுத்த குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டில் 2022-இல் பேட்டரிக் கழிவு விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் முறையற்ற உலைகள் ஒழிந்துவிடவில்லை. இரண்டு ஆண்டு முன்னதாகவே காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு பேட்டரியும் அந்த உலைகளுக்குத் தீனியாகலாம். தனி வீட்டுக் காரைவிட, கோடை விடுமுறையில் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் பள்ளி பஸ்களில் சோலார் பேனல் பொருத்தத் தொடங்குவது எளிது. வெயிலுக்கும் அங்கே பஞ்சமில்லை. பெரிய பஸ்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஆகவே 24 வோல்ட்டுக்கான பேனலும் கண்ட்ரோலரும் வாங்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் 12 வோல்ட் பேனலை மாட்டினால், சார்ஜ் ஏறாத மற்றது முதலில் கெடும்.