லான்ஜோ நூடுல்ஸ் கடையும் அதன் இலக்கணமும்

சீனாவை அரிசி உண்ணும் நாடு என்று பொதுப்படையாகச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே இருந்தாலும், அந்நாட்டின் குறுக்கே செல்லும் சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே நெல்லும் வடக்கே கோதுமையுமே பெரும்பான்மையாக விளைகின்றன என்பதால், வடபகுதி மக்களின் அன்றாட உணவு அரிசியைவிட மாவையே சார்ந்திருக்கிறது. அந்த மாவை நூலாக இழுத்தோ, தகடாகத் தேய்த்துப் பூரணம் வைத்து மூடியோ விற்கும் சிறு கடைகள் வட சீன நகரங்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே உணவுப் பட்டியல் மிகக் குறுகியது. ஆயினும் ஒரே பண்டத்துக்குள் உண்பவருக்குக் கிடைக்கும் தேர்வுரிமை மிக விரிவானது. இதற்குச் சிறந்த சான்று, மஞ்சள் ஆற்றங்கரையில் அமைந்த கான்சு மாகாணத் தலைநகரான லான்ஜோவின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள்.

இக்கடைகளைத் தொன்றுதொட்டு நடத்திவருபவர்கள் பெரும்பாலும் ஹுய் இனத்தவர், அதாவது சீன மொழி பேசும் முஸ்லிம்கள். ஆகவே அடுப்படியில் பன்றி இறைச்சிக்கு இடமில்லை. 1915ஆம் ஆண்டையொட்டி மா பாவ்ஸி என்னும் ஹுய் வணிகர் லான்ஜோவில் விற்கத் தொடங்கியதே இன்றைய வடிவத்துக்கு மூலம் என்பது அந்நகரில் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. நல்ல கிண்ணத்துக்கு ஐந்து அடையாளங்கள் வகுக்கப்பட்டுள்ளன: எலும்பையும் இறைச்சியையும் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த சாறு தெளிவாக இருக்க வேண்டும், முள்ளங்கித் துண்டு வெண்மையாகவும், மேலே மிதக்கும் மிளகாய் எண்ணெய் சிவப்பாகவும், கொத்தமல்லியும் பூண்டுத்தாளும் பச்சையாகவும், நூடுல்ஸ் இளமஞ்சளாகவும் இருக்க வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் வழியே வந்து சேர்ந்த பயிராதலால், தொன்மையானதுபோல் ஒலிக்கும் இந்த விதியின் மூன்றாம் அடையாளத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்கு மேல் வயதிருக்க வழியில்லை.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் முட்டையோ சாயமோ அன்று. வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைச் செடியை எரித்துப் பெறும் ‘பெங்ஹுய்’ என்ற சாம்பற்காரத்தை நீரில் கரைத்து மாவில் சேர்க்கும் பழக்கம் அங்கே உண்டு. இன்று பெரும்பாலான கடைகள் ஆலையில் தயாரான காரப்பொடியையே பயன்படுத்துகின்றன. காரம் படும்போது மாவில் இயல்பாகவே உள்ள நிறமிகள் மஞ்சளாக மாறுகின்றன. அதனினும் முக்கியமான விளைவு மாவின் பிடிமானத்தில் தெரிகிறது. கோதுமையிலுள்ள புரதங்களில் குளூட்டெனின் என்பது மாவுக்கு மீள்தன்மையையும், கிளையடின் என்பது நீளும் தன்மையையும் தருகின்றன. இரண்டும் நீரோடு கலந்து உண்டாக்கும் வலைப்பின்னலே குளூட்டன் எனப்படுகிறது. உப்பும் காரமும் இந்த வலையை உறுதிப்படுத்த, பிசைந்த மாவை மூடி ஊறவைக்கும் நேரத்தில் அதன் விறைப்புத் தளர்ந்து, அறுந்துபோகாமல் இழுக்க ஏற்ற பதம் வருகிறது.

இழுக்கும் வேலை கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வாடிக்கையாளர் பார்க்கும்படியே நடக்கிறது. எண்ணெய் தடவிய மாவுத் திரணையின் இரு முனைகளையும் பற்றிக் கைகளை அகல விரிக்கும் தொழிலாளி, முனைகளை ஒரு கையில் சேர்த்து, நடுவில் தொங்கும் வளைவில் மறு கையின் விரலை நுழைத்து மீண்டும் இழுக்கிறார். இடையிடையே மாவு மேசைமீது அறையப்படும் சத்தம் கடை முழுவதும் கேட்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் இரட்டிப்பதால் ஏழாவது மடிப்பில் 128 இழைகளும் எட்டாவதில் 256 இழைகளும் கிடைத்துவிடுகின்றன. கையில் எஞ்சும் முனைமாவைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீதியைக் கொதிநீரில் வீசுவதோடு ஒரு கிண்ணத்துக்கான வேலை முடிகிறது.

உண்பவரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கியவர், அதைச் சமையலறைச் சாளரத்தில் நீட்டும்போதே இழையின் பருமனையும் சொல்லிவிட வேண்டும். மயிரிழை போன்ற ‘மாவ்ஸி’, சற்றுத் தடித்த ‘அர்ஸி’, தட்டையான ‘ஜியூயே’, பெல்ட் அகலத்துக்கு வரும் ‘தாகுவான்’, முக்கோண விளிம்புடைய ஒரு வடிவம் என வகைகள் நீளுகின்றன. மாவும் சாறும் ஒன்றே என்றாலும், மெல்லிய இழை சாற்றை அள்ளிக்கொண்டு வருவதும் அகன்ற பட்டை மெல்ல மெல்லக் கோதுமைச் சுவையைத் தருவதும் வேறு வேறு அனுபவங்கள். லான்ஜோ மக்களுக்கு இது முதன்மையாகக் காலை உணவு. பிற்பகலிலேயே பல கடைகள் அடைக்கப்பட்டுவிடுகின்றன. 2007இல் விலை ஏறியபோது நகர நிர்வாகமே கிண்ணத்துக்கு உச்சவரம்பு விலை அறிவித்தது என்பதிலிருந்து இவ்வுணவு அங்கே பெற்றுள்ள இடம் விளங்கும். பிற சீன நகரங்களில் ‘லான்ஜோ’ பெயர்ப்பலகையோடு காணப்படும் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்களோ அண்டை மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் பகுதியினர். லான்ஜோவாசிகள் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வது வழக்கம்.

அதே சிங்ஹாயில் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த மண்கிண்ணத்தின் அடியில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான நூடுல்ஸ் கிடைத்ததாக 2005இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அது தினையாலும் பனிவரகாலும் ஆனது என்று ஆய்வாளர்கள் கூறினர். குளூட்டன் இல்லாத சிறுதானிய மாவை அவ்வளவு நீளத்துக்கு எப்படி இழுத்திருக்க முடியும் என்ற எதிர்வாதமும் எழுந்தது. கைவினையின் சூட்சுமம் எங்கே உள்ளது என்பதை அந்த ஐயம் சரியாகவே சுட்டுகிறது.

பூரணம் வைத்த வகைகளுக்கு வேறு நடைமுறை. நம் கொழுக்கட்டையை நினைவூட்டும் ‘ஜியாவ்ஸி’, கோதுமை மாவுத் தகட்டில் இறைச்சியோ முட்டைக்கோசோ வைத்து மடித்து, பெரும்பாலும் கொதிநீரில் வேகவைக்கப்படுவது. நீர் பொங்கும்போதெல்லாம் சிறிது குளிர்நீர் ஊற்றி அடக்குவதால், தோல் கிழியாமல் உள்ளீடு வெந்துவிடுகிறது. வட சீனத்தின் பல கடைகளில் இதை எண்ணிக் கேட்பதில்லை. ஐம்பது கிராமைக் குறிக்கும் ‘லியாங்’ கணக்கில் கேட்கிறார்கள். அந்த எடை தோலுக்குச் செலவாகும் மாவையே குறிப்பதால், ஒரு லியாங்குக்கு ஐந்தாறு உருண்டைகள் வரும். இது தெரியாமல் உருண்டைக் கணக்காக எண்ணிப் பத்து லியாங் கேட்பவர் முன்னால் ஒரு குடும்பத்துக்கான உணவு வந்து நிற்கும். புளிக்காடியில் தோய்த்து, பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டு தின்றபின், வெந்த நீரையே கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பது செரிமானத்துக்கு நல்லது என்று அங்குள்ளவர்கள் கருதுகிறார்கள்.

ஷாங்காய்ப் பகுதியின் ‘சியாவ்லோங்பாவ்’ இதற்கு மாறாக மூங்கில் கூடையில் ஆவியில் வேகிறது. அதனுள் சாறு வந்தது எப்படி என்பதே பலரின் வியப்பு. பன்றித் தோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கட்டிப்படும் கூழை நறுக்கிப் பூரணத்தோடு கலந்துவிடுகிறார்கள். ஆவி பட்டதும் அது உருகிவிடுகிறது. ஒரேயடியாக வாயில் போட்டுக்கொள்பவர் நாக்கைச் சுட்டுக்கொள்வது உறுதி. கரண்டியில் தாங்கி, ஓரத்தில் சிறு துளையிட்டு, சாற்றை உறிஞ்சியபின் எஞ்சியதை இஞ்சித் துருவலோடும் காடியோடும் உண்பதே முறை. ஆனால் அதிக நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. ஆறினால் தோல் விறைத்து, அடியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போதே கிழிந்து சாறெல்லாம் கூடையில் வடிந்துவிடும். இதனால்தான் விவரமறிந்தவர்கள் கூடைகளை ஒரேயடியாக வரவழைக்காமல், ஒன்று காலியாகும் தறுவாயில் அடுத்ததைக் கேட்கிறார்கள்.