ஸ்கேட் பார்க்: பழக்கம் உரிமையாவது எப்போது?

சக்கரம் பூட்டிய பலகையில் சறுக்குவோருக்காகச் சரிவுகளும் படிகளும் கிண்ணம் போன்ற பள்ளங்களும் அமைத்துக் கட்டப்படும் திடலே ஸ்கேட் பார்க் எனப்படுகிறது. ஆயினும் லண்டனில் பெரும்புகழ் பெற்ற சறுக்குத் திடல் அந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதன்று. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1967-இல் திறக்கப்பட்ட குவீன் எலிசபெத் ஹால் என்னும் இசையரங்கின் அடியில் வெறுமனே விடப்பட்டிருந்த கான்கிரீட் வெளியையும், அதன் சாய்ந்த கரைகளையும், 1970-களின் முற்பகுதியில் இளைஞர்கள் தாமாகவே கண்டுகொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். இத்தகைய நெடுநாள் பழக்கமே உரிமையாகிவிடும் என்று பலரும் நம்பியிருக்கின்றனர். ஆனால், ஏதேனும் ஓர் ஆவணத்தில் ஏறும்வரை பழக்கம் நில உரிமையாளரின் தயவில்தான் நிற்கிறது.

அந்தத் தயவு 2013-இல் முடிவுக்கு வரவிருந்தது. அரங்கத்தை நடத்தும் சவுத்பேங்க் சென்டர் அறிவித்த விரிவாக்கத் திட்டம், அடித்தளத்தைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஒதுக்கி, சறுக்குவோரை அருகிலுள்ள ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் கீழே புதிதாகக் கட்டித் தரும் திடலுக்கு மாற்ற முன்வந்தது. புதிய திடல் கிடைக்கும்போது பழையதை விட ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமாகவே தோன்றலாம். சறுக்குவோர் அளித்த விடை, ஓர் இடத்தின் மதிப்பு அதன் கான்கிரீட்டில் மட்டும் இல்லை, அங்கே வளர்ந்த கூட்டு வாழ்விலும் இருக்கிறது என்பதாகும். அந்த விடை சரியானதே. லாங் லிவ் சவுத்பேங்க் என்னும் பெயரில் திரண்ட அவர்கள், அடித்தளத்தின் வாயிலிலேயே ஒரு மேசையைப் போட்டு, கரையோரம் நடந்து சென்றவர்களிடம் கையொப்பம் பெற்றனர். லாம்பெத் உள்ளாட்சி மன்றத்தின் முன் இருந்த திட்ட அனுமதி விண்ணப்பத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கான மறுப்புரைகள் குவிந்தன. 2014 சனவரியில் அப்போதைய லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் திடல் அங்கேயே நீடிக்க வேண்டும் என்று அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு தரப்பும் லாம்பெத் மன்றமும் சேர்ந்து, 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தப் பிரிவின்கீழ் ஏற்கப்படும் கடமை நிலத்தோடு ஒட்டிக்கொள்வது. நிலம் கைமாறினாலும் அடுத்த உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். நாற்பதாண்டுப் பழக்கம் தராத காப்பை ஒரு பத்திரம் தந்தது.

இவ்வாறான காப்புக்கு இங்கிலாந்தில் வேறு வழிகளும் உண்டு. 2011-ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரச் சட்டப்படி ஓர் இடத்தைச் சமுதாய மதிப்புடைய சொத்தாகப் பதிவு செய்வித்தால், அதை விற்க நினைக்கும் உரிமையாளர் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஊர்க்குழு வாங்க விரும்பினால் 6 மாதம் வரை காத்திருக்கவும் வேண்டும். எனினும், குழுவுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை மறக்கலாகாது. மற்றொரு வழி, 20 ஆண்டுகள் வலுவந்தமின்றியும் மறைவின்றியும் எவரிடமும் அனுமதி பெறாமலும் ஊரார் பயன்படுத்திய வெளியை ஊர்ப் பொதுவெளியாகப் பதிவு செய்யக் கோருவது; ஆனால் 2013-இல் வந்த திருத்தத்தின்படி, திட்ட அனுமதி விண்ணப்பம் விளம்பரப்படுத்தப்பட்ட பின் அந்தக் கதவு பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிடும். மூன்றாவது வழிக்கு எடுத்துக்காட்டாக, லண்டனின் கிழக்கே ஹார்ன்சர்ச்சில் 1978-இல் கட்டப்பட்ட ராம் திடல், 2014-இல் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பட்டது. இனி உரிய இசைவின்றி அதை இடிப்பது குற்றமாகும்.

இடம் காக்கப்பட்டாலும் உடல் காக்கப்படுவது வேறு செய்தி. பலகை நழுவும்போது எவரும் தம்மையறியாமலே கையை நீட்டி ஊன்றுவர். உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அங்கே பெருவிரலின் அடியில் உள்ள ஸ்காஃபாய்டு என்னும் படகு வடிவச் சிற்றெலும்பு முறிந்தால், முதல் நாள் எக்ஸ்-ரேயில் அது தெரியாமலே போகக்கூடும். பெருவிரலை விரிக்கும்போது அதன் அடியில் தோன்றும் சிறு குழியை அழுத்தினால் வலிக்குமாயின், படத்தில் ஒன்றுமில்லை என்று அமைதி கொள்ளாமல், 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்த ஓட்டம் குன்றிய அந்த எலும்பு கவனிக்கப்படாவிட்டால் கூடாமலே போகலாம். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் தொடக்க நிலையினருக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் தவறானது.

காயத்துக்கு யார் பொறுப்பு என்பதை 1957-ஆம் ஆண்டின் இட உடைமையாளர் பொறுப்புச் சட்டம் வரையறுக்கிறது. திடலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், வருவோர் நியாயமான பாதுகாப்போடு இருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும்; சிறுவர்கள் பெரியவர்களைவிடக் கவனக் குறைவாகவே இருப்பர் என்பதையும் அவர் எதிர்பார்த்தாக வேண்டும். விளையாட்டுக்கே உரிய ஆபத்தை, அதாவது தாவி விழுவதை, சறுக்குபவர் தாமே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். ஆனால் விளிம்பில் பதித்த இரும்புக் குழாய் கழன்று நிற்பதையோ, சரிவுப் பலகையில் திருகாணி துருத்திக்கொண்டிருப்பதையோ எவரும் ஏற்றுக்கொள்வதில்லை. ‘காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்புப் பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. நிறுவனமோ உள்ளாட்சி மன்றமோ தன் கவனக்குறைவால் நேரும் காயத்துக்கான பொறுப்பை இத்தகைய அறிவிப்பால் தட்டிக்கழிக்க இயலாது என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் கூறுகிறது.

இழப்பீட்டு வழக்கைக் காயம் நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு அந்தக் காலம் 18-ஆம் பிறந்தநாளில்தான் தொடங்கும். திடல் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்பதைத் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேட்டால், மன்றம் பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் விடை தர வேண்டும். வெடிப்பையோ துருத்திய ஆணியையோ காண்பவர், விபத்து நேரும்வரை காத்திராமல், அதன் அருகில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியுமாறு படமெடுத்து, தேதியிட்டு மன்றத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். குறை தமக்குத் தெரியாது என்று பின்னாளில் மன்றம் சொல்ல முடியாமல் செய்வது அந்தக் கடிதமே.