யாருடைய வசதிக்காக இந்த மாத்திரை?

காலை எட்டு மணிக்கு அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருந்து வண்டி நகரத் தொடங்கும். ஒரு தளத்தில் இருக்கும் முதியவர்கள் அனைவருக்கும் பெரும்பாலும் ஒரே நர்ஸ்தான் மாத்திரை கொடுத்து முடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, கண்ணில் இரண்டு வகைச் சொட்டு மருந்து என ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்நாட்டில் சுமார் 15,000 இல்லங்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இப்படி அடுத்தவர் கையால் மருந்து வாங்கி விழுங்குகிறார்கள். அந்தக் கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது.

1986இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வறிக்கை, இல்லங்களில் முதியவர்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. மெடிகேர், மெடிகெய்ட் ஆகிய அரசுத் திட்டங்களின் பணத்தைப் பெறும் எந்த இல்லமும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

நூற்றுக்கு ஐந்துக்குள்

சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்க அரசு ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவார்கள். மருந்து வண்டியின் பின்னாலேயே நடப்பார்கள். குறைந்தது 25 முறை மருந்து கொடுப்பதைப் பார்த்து, பார்த்ததை மட்டும் குறித்துக்கொள்வார்கள். மருத்துவர் எழுதிய உத்தரவோடு ஒப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தவறுகள் 5 சதவீதத்தை எட்டினாலே இல்லம் விதியை மீறியதாகிவிடும். 25இல் ஒன்று தவறினால் 4 சதவீதம், தப்பிக்கலாம். இரண்டு தவறினால் 8 சதவீதம்.

தவறு என்றால் ஆள் மாற்றிக் கொடுப்பது மட்டுமல்ல. குலுக்க வேண்டிய திரவ மருந்தைக் குலுக்காமல் ஊற்றுவதும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டியதை வெறும் வயிற்றில் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். உயிருக்கு ஆபத்தான தவறாக இருந்தால் சதவீதக் கணக்கே கிடையாது. ஒருவருக்குரிய இன்சுலினை இன்னொருவருக்குப் போட்டுவிட்டால் அந்த ஒரு தவறே போதும்.

நசுக்கக் கூடாத மாத்திரை

விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பது எங்கும் உள்ள பழக்கம். ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரையை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது அந்த வகை. நம் வீடுகளில் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். இதில் சேர்த்தி. குழாய் வழியே உணவு எடுப்பவருக்கும் எல்லா மருந்தையும் ஒன்றாகக் கலந்து செலுத்தக் கூடாது. ஒவ்வொன்றாகச் செலுத்தி, நடுவே தண்ணீர் விட வேண்டும்.

மருந்தால் கட்டிப்போடுவது

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவரை அடக்கி வைக்கவோ, ஊழியர்களின் வசதிக்காகவோ எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது. கயிற்றால் கட்டிப்போடுவதைப் போலவே மருந்தால் கட்டிப்போடுவதும் விதிமீறல்.

இப்படி ஒரு விதி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்தவர் இரவில் கத்துவார், நடந்துகொண்டே இருப்பார், குளிக்க வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். வலியோ பசியோ சிறுநீர்த் தொற்றோ அதற்குப் பின்னால் இருக்கலாம். உட்கார்ந்து விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் மனநோய்க்கான மருந்து ஒன்றைக் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவது சுலபம்.

அந்தச் சுலபத்துக்கு விலை உயிர். மறதிநோய் முதியவர்களிடம் நடந்த 17 சோதனைகளை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அலசிப் பார்த்தது. ஏறத்தாழ பத்து வார காலத்தில் இந்த மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 2.6 சதவீதம். பெரும்பாலும் இதயக் கோளாறாலும் நிமோனியா போன்ற தொற்றாலும் நேர்ந்த மரணங்கள் அவை. 2005இல் இம்மருந்துகளின் மீது கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது.

2011 இறுதியில் நீண்டகாலம் தங்கியிருந்தவர்களில் 23.9 சதவீதம் பேருக்கு இந்த மருந்துகள் போய்க்கொண்டிருந்தன. மறு ஆண்டு தொடங்கிய தேசிய முயற்சியால் சில ஆண்டுகளில் அது 16 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஓட்டையைச் சில இல்லங்கள் பிடித்துக்கொண்டன. வாழ்நாளில் மனச்சிதைவே இல்லாத முதியவர்களின் பதிவேட்டில் திடீரென அந்த நோய் எழுதப்பட்டது. இது 2021இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அம்பலமானது. 2023 முதல் இத்தகைய பதிவுகளை அரசு தனியே தணிக்கை செய்கிறது. தூங்க வைப்பதற்காக ஒரு மனிதருக்கு இல்லாத நோயை எழுதுவது சிறு முறைகேடு அல்ல, கொடுமை.

கெடுவும் கண்காணிப்பும்

தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று எழுதப்படும் மனநல மருந்துக்கு 14 நாள்தான் கெடு. அதிலும் மேலே சொன்ன மனநோய்க்கான மருந்தாக இருந்தால், மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்காமல் அதை நீட்டிக்க முடியாது. தொடர்ந்து கொடுப்பதாக இருந்தால், முதல் ஆண்டிலேயே வெவ்வேறு காலாண்டுகளில் இரண்டு முறை அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அப்படிக் குறைப்பது நோயாளிக்குக் கெடுதல் என்றால் மட்டும் விலக்கு உண்டு.

மாதம் ஒருமுறை மருந்தாளுநர் ஒருவர் ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியலையும் படித்துப் பார்ப்பது கட்டாயம். கோளாறு கண்டால் மருத்துவருக்கு எழுதுவார். மருத்துவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளை அடையாளம் காண மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் தொகுத்த பட்டியல் இதற்குப் பெரிதும் உதவுகிறது. முதியோர் இல்லவாசிகளை மனதில் வைத்தே அவர் அதைத் தொடங்கினார். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் முதியவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் அதுவும் பட்டியலில் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லலாம்

என்ன மருந்து, எதற்கு என்று தனக்குப் புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது இல்லவாசியின் உரிமை. வேண்டாம் என்று மறுப்பதும் உரிமைதான். தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், அது பாதுகாப்பானது என்று பராமரிப்புக் குழு தீர்மானித்தால் அப்படியே செய்யலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் எங்கே இருந்தாலும், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருந்தால் எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். திடீரென அவர் எந்நேரமும் தூங்கிவழிந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மருந்துப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாமல், பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள்.