சுருட்டுக்கடைக்காரர் சமைத்த தெரு

கொழும்பு வெள்ளவத்தையிலே, மாலை வேளையிற் காலி வீதி வழியே நடப்போர் செவியில் யாழ்ப்பாணத் தமிழ் விழாத நாளில்லை. நல்லெண்ணெய், பனங்கட்டி, புழுக்கொடியல், கருவாடு முதலிய ஊர்ப் பண்டங்கள் ஒருபுறம்; நகைக்கடை, சேலைக்கடை, குளிரூட்டிய சிற்றுண்டிச்சாலை மறுபுறம். இத்தெருவைச் சமைத்தவர் யாவரென ஆராயப் புகுந்தால், பண்ணைக் கடலைக் கடந்து, சரவணை போன்ற தீவுக் கிராமங்களுக்கே நாம் செல்லவேண்டியிருக்கும்.

சரவணை, வேலணைத் தீவிலுள்ள ஊர். அங்கே பனையும் உண்டு, தோட்டமும் உண்டு. ஆயின் தீவுக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். நிலம் எல்லார்க்கும் சோறிடப் போதாமையால் தீவார் வாணிகத்தை நாடினர். புகையிலையும் சுருட்டும் அவர்தம் பழைய சரக்குகள். தென்னிலங்கைப் பட்டினங்களிலே 'யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை' என்பது சிங்கள மக்களும் நன்கறிந்ததொன்று. படிப்பை இடையில் விட்ட சிறுவன் உறவினர் கடையிற் சேர்வான். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்குவான். மூட்டை சுமந்து, நிறுத்துக் கொடுத்து, கணக்கெழுதப் பழகிச் சில ஆண்டுகளிற் பங்காளியாவான். பின்னர் தனிக்கடை வைப்பான். அவனிடம் ஊரிலிருந்து அடுத்த சிறுவன் வந்து சேர்வான். இக்கல்விக்குப் பரீட்சையுமில்லை, சான்றிதழுமில்லை. ஆயினும் எமது வணிகவியல் வகுப்பினும் இது மேலானதோ என நாம் சிலவேளை ஐயுறுவதுண்டு.

1983 யூலையில் இக்கடைகளுட் பல தீக்கிரையாயின. சாம்பரைக் கூட்டித் தள்ளி மீண்டுங் கடை திறந்தோர் பலர். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரினால் தீவு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தது. வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குங் காத்திருந்தோரால் வெள்ளவத்தை விடுதிகள் நிரம்பின. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் பலர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்ததும் வாசகர் மறந்திரார். இவ்வாறு வந்து தங்கியோர்க்கெல்லாம் கடனுக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தவை அச்சிறு கடைகளே.

இன்று தெருவின் முகம் வேறு. கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமுமாக நின்ற வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாடியில் ஒரு வீட்டைத் தனியுடைமையாக வாங்குதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்தது. அங்ஙனம் வாங்குதற்குரிய பணத்திற் பெரும்பங்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகின்றது. ஹவ்லொக் வீதிப் பக்கமாகப் பழைய வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை நின்ற நிலத்தில், ஹவ்லொக் சிற்றி என்னும் மாடித்தொகுதியும் பேரங்காடியும் நிற்கின்றன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரர்க்கு ஓரளவு காப்பாக இருந்தது. உடையவர் ஒரு தொகை கொடுத்து இணக்கமாக எழுப்பிவிட்டால், பின்னர் சட்டம் யாரைக் காக்கும்?

ரூத் கிளாஸ் என்னுஞ் சமூகவியலாளர் 1964இலே, லண்டன் நகரின் ஏழைத் தெருக்களில் வசதி படைத்தோர் குடிபுகுந்து பழைய குடிகள் அகல்வதைக் கண்டு, அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' எனப் பெயரிட்டார். கனவான்கள் குடிபுகுதல் என நாம் அதனைச் சொல்லலாம். அங்கே வந்தவர் ஒரு வகுப்பார், போனவர் வேறு வகுப்பார். வெள்ளவத்தையிலோ இரு பாலாரும் ஒரே பந்தியில் இருந்துண்ட உறவினர்.

சரவணையிற் பிறந்த முதியவர் ஒருவரின் கடைக்கு அண்மையிற் சென்றிருந்தோம். கட்டடம் விலைப்பட்டுவிட்டது, தை மாதத்துள் அவர் வெளியேறவேண்டுமாம்.

"புதுக் கட்டடத்திலை மூண்டாம் மாடி வீட்டுக்குக் காசு கட்டியிருக்கிறது ஆரெண்டு நினைக்கிறியள் மாஸ்டர்? கனடாவிலை இருக்கிற என்ரை பெறாமகன். அவனை நான் என்னெண்டு பேசுறது?" என்றார்.

"கீழே உங்களுக்கு ஒரு கடை தரமாட்டார்களா?" எனக் கேட்டோம்.

"தருவினம். அவையள் கேக்கிற முற்பணத்துக்கு இப்பிடி நாலு கடையை விக்கவேணும்."

ஊருக்குத் திரும்பும் எண்ணமுண்டோ என வினவினோம். தமையனார் வீட்டுக்குக் கூரையில்லை, அயல் வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன என்றார். "அங்கை கடை போடலாம் மாஸ்டர். வாங்க ஆர் இருக்கினம்?"

பேச்சை அவரே நிறுத்தி, கடன் கொப்பியைப் பிரித்து, எமது வீட்டுக் கணக்கைக் கூட்டிக் காட்டினார். கொடுத்துத் தீர்த்தோம். அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு வெட்டிவிட்டு, நாங் கேட்ட பனங்கட்டியை நிறுக்கத் தொடங்கினார்.