மொழி படிக்கும் ஊர் – 7: கண்மாய்க் கரையில் பிரெஞ்சு

மதுரையில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், ‘மார்க் ஏறும்’ என்பதுதான் முதலில் வரும் பதில். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஆனாலும் பிளஸ் ஒன் வந்ததும் மெட்ரிக் பள்ளிகளில் பலர் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறார்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறார்கள். நிறைய மார்க் வாங்கியவர்களிடம், ‘உங்க ஊரைப் பற்றி நாலு வாக்கியம் பிரெஞ்சில் சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு வாய் வராது. தப்பு அவர்கள் மீது இல்லை. பாரீஸ் மெட்ரோவில் டிக்கெட் வாங்கவும் கஃபேயில் காபி கேட்கவும்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

ஊரைப் பேச வைக்க ஒரு வாசல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கான ‘ஆந்த்ர் ஜூன்’ புத்தகத்தில் சுற்றுச்சூழல் தனிப் பாடம். பிரெஞ்சு அரசு சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வின் பி1 நிலையில் 160 சொற்களில் சொந்தக் கருத்தை எழுதச் சொல்வார்கள். அங்கேயும் சுற்றுச்சூழல் அடிக்கடி வரும் தலைப்பு. வகுப்பில் இதற்கு என்ன நடக்கிறது? ‘மரங்களைக் காப்போம், பூமியைக் காப்போம்’ என்று ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பிள்ளைக்கு மொழியும் வருவதில்லை, சூழலும் புரிவதில்லை.

கே.கே. நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டியூர்க் கண்மாய் கிடக்கிறது. 500 ஏக்கருக்கும் மேல் பரப்பு. ஆகாயத்தாமரை மூடுகிறது, அகற்றுகிறார்கள், மறுபடி மூடுகிறது. கழிவுநீர் கலக்கிறது. இந்தக் கரைக்கு ஒரு பிரெஞ்சு வகுப்பைக் கூட்டிப் போனால் என்ன கிடைக்கும்?

முதலில் இலக்கணம் கிடைக்கும். பிரெஞ்சில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம், ஆம்பர்ஃபே, பாஸே கம்போஸே என்ற இரண்டு இறந்தகாலங்கள். எதை எங்கே போடுவது என்று விதியைப் படித்தும் குழம்புவார்கள். ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் அப்பத்தாவிடம் பழைய கண்மாயைப் பற்றிக் கேட்டு, அவர் பேச்சை அப்படியே தமிழில் எழுதி வரச் சொல்லுங்கள். ‘அப்பல்லாம் கண்மாயிலதாம்ப்பா குளிப்போம், துணி துவைப்போம்’ என்பார் அவர். வழக்கமாக நடந்ததைச் சொல்கிறார், அது ஆம்பர்ஃபே. ‘93-ல வைகையில பெரிய வெள்ளம் வந்துச்சு’ என்பார். ஒருமுறை நடந்து முடிந்தது. அது பாஸே கம்போஸே. ‘குளிப்போம்’, ‘வந்துச்சு’ என்று தமிழே இரண்டையும் பிரித்து வைத்திருப்பதைப் பிள்ளை தன் நோட்டிலேயே பார்க்கும். அதற்குப் பிறகு விதியைச் சொன்னால் போய் ஒட்டும்.

அடுத்தது, ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லும் ‘இல் ஃபோ’ வாக்கியங்கள். இவற்றில் வரும் சப்ஜங்க்டிவ் வினைவடிவம் என்றாலே பிள்ளைகளுக்கு நடுக்கம். ஆனால் மாநகராட்சி என்ன செய்ய வேண்டும், கடைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று கரையில் நின்று பேசும்போது அந்த வடிவம் தேவைப்பட்டே வரும். தேவைக்கு வந்த இலக்கணம் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகாது.

வரிசையாக ஒரு செய்முறையைச் சொல்லப் பழக்க மதுரையை விட நல்ல ஊர் இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் சாலை இங்கே பிறந்தது. 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கழிவு பிளாஸ்டிக்கைத் துருவலாக நறுக்க வேண்டும். சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவ வேண்டும். அது உருகி ஜல்லியைப் போர்த்தியதும் தார் கலக்க வேண்டும். முதலில், பிறகு, கடைசியாக என்று ஏழெட்டு எளிய வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடலாம். பிரான்சிலிருந்து வரும் ஒருவருக்கு இதை விளக்குவதாக நடிக்கச் சொல்லுங்கள். சொல்ல விஷயம் இருக்கும் பிள்ளை தயங்காமல் பேசும்.

பிரான்சின் பக்கத்தையும் விடக்கூடாது. 2016-இல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை வீணாக்காமல் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தார்கள். 2021-இல் செல்போன், வாஷிங் மெஷின் போன்றவற்றில், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்டச் சொன்னார்கள். நம்மிடம் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். எது நடைமுறையில் நின்றது, எது ஏட்டோடு போனது என்று வகுப்பு வாதாடட்டும். ஈஃபில் கோபுரத்தின் உயரத்தை விட இது பிரான்சை நன்றாக அறிமுகப்படுத்தும்.

பிரெஞ்சுக்கும் நம் மண்ணுக்கும் உறவு புதிதில்லை. மதுரை மிஷனின் யேசு சபைப் பாதிரியார்கள் எழுதிய கடிதங்களை பெர்த்ராந் பாதிரியார் பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக 1847 முதல் பாரீஸில் வெளியிட்டார். நாயக்கர் காலத்துப் பஞ்சம் பற்றி அறிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியத் தாவரப் பரப்பை வரைபடமாக்கியது. அந்த வரைபடத்தின் குமரிமுனைத் தாள் 1961-இல் வந்தது. பள்ளிச் சுற்றுலாவாகப் புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பாமல் அந்த நிறுவனத்தையும் காட்டலாமே.

‘மார்க் குறையுமே’ என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயம். குறையாது. இறந்தகாலம், சப்ஜங்க்டிவ், கருத்துக் கட்டுரை எல்லாம் தேர்வில் கேட்கிறவைதான். ஒரே ஓர் எச்சரிக்கை: தொடக்க நிலைப் பிள்ளைகள் மீது ‘நிலைத்த வளர்ச்சி’, ‘கரியமில வாயு’ என்று பெரிய சொற்களைக் கொட்டக்கூடாது. தண்ணீர், பறவை, குப்பை, சுத்தம், அழுக்கு போதும்.

பிரெஞ்சு ஆசிரியர்களே, வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு சனிக்கிழமை காலை உங்கள் வகுப்பைப் பக்கத்துக் கண்மாய்க்கு அழைத்துப் போங்கள். மேற்கொண்டு ஒரு செலவும் இல்லை.