பாட்டிலைக் கழுவாதீர்கள்

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, “நூற்றைம்பதுதான், அருமையான தண்ணீர்” என்று சொல்கிறவர்கள் இன்று எல்லா அபார்ட்மெண்டிலும் இருக்கிறார்கள். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் அளவை. சாக்கடைத் தண்ணீர் ஒரு கரண்டி கலந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க லேபுக்குத்தான் போக வேண்டும்.

லேபில் டைபாய்டு கிருமி, காலரா கிருமி என்று ஒவ்வொன்றாகத் தேடுவதில்லை. தேடுவது கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக் கூட்டத்தை, அதிலும் குறிப்பாக ஈ.கோலையை. மனிதர், ஆடுமாடுகளின் குடலில் வாழ்வது அது. தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த வழியாக மற்ற கிருமிகளும் வரலாம். 100 மில்லி குடிநீரில் ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 தரநிலை.

சோதனை எளிதுதான். ஊட்டக் கரைசல் உள்ள குழாய்களில் தண்ணீரை விட்டு, 37 டிகிரி சூட்டில் 48 மணி நேரம் வரை வைப்பார்கள். உள்ளே கவிழ்த்து வைத்திருக்கும் குட்டிக் குழாயில் வாயுக் குமிழி சேர்ந்தால் சந்தேகம். அடுத்த கட்டச் சோதனையில் உறுதிசெய்வார்கள். எத்தனை குழாய்களில் குமிழி வந்தது என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்துப் போடுகிற உத்தேசக் கிருமிக் கணக்குதான் ரிப்போர்ட்டில் வரும் எம்.பி.என்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, நம் கையில். லேபில் கொடுக்கும் பாட்டிலைப் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அலசிவிடுகிறோம். அதன் அடியில் கொஞ்சம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரினை அது உடனே செயலிழக்கச் செய்யும். அது போய்விட்டால், லேபுக்குப் போகிற வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். ரிப்போர்ட் பொய்யாகச் சுத்தமாக வரும். ஆகவே கழுவாதீர்கள். குழாய் வாயில் வடிகட்டி இருந்தால் கழற்றுங்கள், இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள், மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடியுங்கள், மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஒரே குழாயில் பிடித்துக்கொடுப்பது பாதி வேலை. தெருக் குழாயிலிருந்து வருகிற தண்ணீர், சம்ப், மாடித் தொட்டி, சமையலறைக் குழாய் என்று தனித்தனியாகப் பிடித்தால்தான் எந்த இடத்தில் கலக்கிறது என்று பிடிபடும். வருகிற தண்ணீர் நன்றாக இருந்து சம்பில் கெட்டிருந்தால், பக்கத்திலிருக்கும் கழிவுநீர்த் தொட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் இரண்டுக்கும் நடுவே பல சமயம் ஒரு சுவர்தான்.

இந்தச் சோதனையில் அகப்படாத கிருமியும் உண்டு. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரைக் கொன்ற லெஜியோனெல்லா, கட்டடங்களின் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, நீர்த்திவலையாக மூச்சில் ஏறுவது. பெரிய ஏ.சி. கூலிங் டவர் உள்ள கட்டடங்கள் அதற்குத் தனியாகச் சோதனை கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஈ.கோலை சோதனை போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை செய்யுங்கள். ரிப்போர்ட் வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.